மூன்று சதுர கிலோமீட்டரில் எத்தனை பேர்?

நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் ஒரு நடைமுறை கட்டாயமானது. தருமபுரி மாவட்டத்து ஏரிக்கரை ஒன்றில் வேலை நடந்தால், பணித்தளப் பொறுப்பாளர் என்.எம்.எம்.எஸ். என்ற செயலியைத் திறந்து நாளுக்கு இரண்டு முறை வேலையாட்களைப் படம் பிடிக்க வேண்டும். படத்தோடு நேரமும் இடமும் பதிவாகும். வராத ஆளுக்கு வருகை போடுவதைத் தடுப்பதுதான் நோக்கம், அதில் தவறில்லை. ஆனால் கைபேசி பெரும்பாலும் அந்தப் பொறுப்பாளருடைய சொந்தக் கைபேசி. காலையில் வேலைக்காக ‘லொகேஷன்’ பொத்தானைப் போடும் பெண், மாலையில் அதை அணைப்பதில்லை. அணைக்கலாம் என்று அவரிடம் யாரும் சொல்வதும் இல்லை. சந்தைக்கும் மருத்துவமனைக்கும் அம்மா வீட்டுக்கும் அதே கைபேசியோடுதான் போகிறார். வேலைக்காகப் போட்ட பொத்தான் மற்ற செயலிகளுக்கும் சேர்த்தே திறந்து கிடக்கிறது.

இந்த மாவட்டத்தில் இன்னொரு வகைப் படத்தையும் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஊராட்சிச் செயலர், அங்கன்வாடிப் பணியாளர், வேளாண் அலுவலர் என்று களப்பணியில் இருக்கும் யாரை எடுத்துக்கொண்டாலும், அவர்களுடைய வாட்ஸ்ஆப் குழுவில் ‘ஜிபிஎஸ் மேப் கேமரா’ படங்கள் குவிந்து கிடக்கும். படத்தின் அடியில் சின்ன வரைபடம், ஊர்ப் பெயர், தேதி, அதற்குக் கீழே இரண்டு நீண்ட எண்கள். அந்த எண்களை யாரும் படிப்பதில்லை. படிக்கக் கற்றுக்கொண்டால் இந்த விஷயத்தில் பாதி விளங்கிவிடும்.

தருமபுரி நகரம் ஏறக்குறைய 12.13 பாகை வடக்கு, 78.16 பாகை கிழக்கு. ஒரு பாகை அட்சரேகை என்பது தரையில் சுமார் 111 கிலோமீட்டர். புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் இருந்தால் 11 கிலோமீட்டர் அளவுக்குச் சொல்லலாம். நீங்கள் தருமபுரிப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. இரண்டு இலக்கம் என்றால் 1.1 கிலோமீட்டர்; ஊர் தெரிந்துவிடும். மூன்று என்றால் 110 மீட்டர், தெரு. நான்கு என்றால் 11 மீட்டர், வீடு. ஐந்தாவது இலக்கம் வந்தால் திண்ணையா கொல்லையா என்பது வரை வந்துவிடும். அந்தக் கேமரா செயலிகள் ஆறு இலக்கம் அச்சடிக்கின்றன. ஆறாவது இலக்கம் 11 சென்டிமீட்டர் கணக்கு. திறந்த வானத்தின் கீழேயே சாதாரணக் கைபேசியின் துல்லியம் ஐந்து மீட்டர் அளவில்தான் இருக்கும் என்பதால், கடைசி இலக்கம் வெறும் பந்தா. ஆனால் நான்காவது இலக்கம் பந்தா இல்லை.

வானிலை பார்க்க ஓர் இலக்கம் போதும். பக்கத்தில் எந்தப் பெட்ரோல் பங்க் திறந்திருக்கிறது என்று தேட இரண்டு போதும். ஆட்டோ வாசலுக்கு வர நான்கு வேண்டும். இடத் தகவலைக் கட்டுப்படுத்துவது என்றால், ஒவ்வொருவருக்கும் தேவையான இலக்கத்தை மட்டும் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் கையிலேயே வைத்துக்கொள்வது என்று பொருள்.

கைபேசிக்கு இந்த எண்கள் எங்கிருந்து கிடைக்கின்றன? செயற்கைக்கோள் நம்மைப் பார்க்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. ஜிபிஎஸ் கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, ‘நான் இன்ன கோள், இன்ன இடத்தில் இருக்கிறேன், என் கடிகாரத்தில் இப்போது மணி இது’ என்று மட்டும் இடைவிடாமல் அறிவித்துக்கொண்டிருக்கின்றன. ஆடி மாதத்துக் கோயில் ஒலிபெருக்கி மாதிரிதான்: பாட்டு ஊர் முழுக்கக் கேட்கும், யார் கேட்கிறார்கள் என்று ஒலிபெருக்கிக்குத் தெரியாது. கைபேசி கேட்பதோடு சரி. நான்கு கோள்களின் அறிவிப்பு எவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்தது என்று கணக்குப் போட்டு, தானே தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. ஒளியின் வேகத்தில் ஒரு மைக்ரோவினாடி பிசகினால் 300 மீட்டர் தவறிவிடும். கோள்களில் அணுக்கடிகாரம் வைத்திருப்பது அதற்காகத்தான். நம்முடைய இஸ்ரோவின் நாவிக் அமைப்பும் இதே முறையில்தான் இயங்குகிறது. ‘ஏரோப்ளேன் மோட்’ போட்டாலும் இன்றைய கைபேசிகள் பலவற்றில் இந்தக் கேட்கும் வேலை தொடரும். கேட்பதற்கு எதையும் ஒலிபரப்பத் தேவையில்லையே.

ஆக, கைபேசிக்குத் தன் இடம் தெரிவதால் நமக்கு ஒரு கேடும் இல்லை. தெரிந்ததை அது யாரிடம் சொல்கிறது என்பதில்தான் சிக்கல். சொல்லும் வழிகள் பல. அவற்றில் சிலவற்றை அடைக்கலாம், ஒன்றை அடைக்கவே முடியாது.

அடைக்க முடியாத வழி செல்போன் கோபுரம். அழைப்பு வந்தால் எந்தக் கோபுரத்தின் வழியாக அனுப்புவது என்று வலையமைப்புக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காகக் கைபேசி அவ்வப்போது ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று பதிவு செய்துகொள்கிறது. பொத்தான் போன், ஸ்மார்ட்போன் என்ற வேறுபாடு இதில் இல்லை. ‘லொகேஷன்’ அணைந்திருந்தாலும் இது நடக்கும். பேசிய ஒவ்வொரு அழைப்போடும் அப்போது பிடித்திருந்த கோபுரமும் நிறுவனத்தின் ஏட்டில் ஏறுகிறது. அந்த ஏட்டை இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம நிபந்தனை திருத்தப்பட்டது. அதற்கு முன் ஓராண்டு. ‘செல்போன் சிக்னலை வைத்துப் போலீசார் பிடித்தனர்’ என்று செய்தித்தாளில் வருவதெல்லாம் பெரும்பாலும் இந்த ஏடுதான்.

ஆனால் கோபுரம் சொல்லும் இடம் கரடுமுரடானது. தருமபுரி நான்கு ரோட்டில் கோபுரங்கள் நெருக்கமாக இருப்பதால் சில நூறு மீட்டருக்குள் சுருக்கிவிடலாம். சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் ஒரு கோபுரம் பல கிலோமீட்டருக்குக் காவல். ஒகேனக்கல்லில் இன்னொரு வேடிக்கை உண்டு. காவிரியின் அக்கரை கர்நாடகம். அக்கரைக் கோபுரத்தின் சமிக்ஞை வலுவாக இருந்தால், இக்கரையில் மீன் வறுவல் தின்றுகொண்டிருப்பவரின் கைபேசி அதைப் பிடித்துக்கொண்டு, கர்நாடகத்துக்கு வரவேற்கும் குறுஞ்செய்தியைக் காட்டும். ஏட்டின்படி அவர் மாநிலம் தாண்டிவிட்டார். கோபுர ஏட்டை அப்படியே சாட்சியாகக் கொள்ளும் யாரும் அந்தப் பரிசல் துறையில் ஒருமுறை நின்று பார்ப்பது நல்லது.

செயலிகளின் கதை வேறு. அவற்றுக்கு அனுமதி கேட்டே ஆக வேண்டும், அந்த அனுமதி நம் கையில் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் 2019இல் ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்ற தேர்வு வந்தது. 2020இல் ‘இந்த ஒருமுறை மட்டும்’ வந்தது. 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12 துல்லியமான இடமா, தோராயமான இடமா என்றும் கேட்கத் தொடங்கியது. ஐபோன் அதற்கு ஓராண்டு முன்பே அதைச் செய்துவிட்டது. ‘தோராயம்’ என்று சொன்னால், ஆண்ட்ராய்டு உங்களைச் சுமார் மூன்று சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் எங்கோ இருப்பதாக மட்டும் செயலிக்குக் காட்டும். இலக்கத்தை வெட்டிக் கொடுப்பது என்று மேலே சொன்னது இதைத்தான். நல்ல ஏற்பாடு.

ஆனால் இந்த ஏற்பாடு யாரை மனதில் வைத்துச் செய்யப்பட்டது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னையில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர். மூன்று சதுர கிலோமீட்டருக்குள் ஒளிந்துகொண்டால் சுமார் 80,000 பேர் கூட்டத்தில் நீங்கள் ஒருவர். தருமபுரி மாவட்டத்தில் அதே கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு சுமார் 335 பேர். அதே மூன்று சதுர கிலோமீட்டரில் ஆயிரம் பேர். அதுவும் மாவட்டச் சராசரி. பென்னாகரம் வட்டத்துக் காட்டோரக் குடியிருப்பு என்றால் இன்னும் குறையும். அந்த ஆயிரத்தில் குழந்தைகளைக் கழியுங்கள், ஸ்மார்ட்போன் இல்லாதவர்களைக் கழியுங்கள், குறிப்பிட்ட அந்தச் செயலி இல்லாதவர்களையும் கழியுங்கள். மிஞ்சுபவர்களை ஒரு மினி பஸ்ஸில் ஏற்றிவிடலாம். சென்னையில் போர்வையாக இருக்கும் அதே தோராயம், இங்கே கைக்குட்டை அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

இது கூகுளுக்குத் தெரியாததல்ல. தன் தேடலுக்கு அது பயன்படுத்தும் ‘பொதுவான பகுதி’ மூன்று சதுர கிலோமீட்டருக்கு மேல் இருப்பதோடு, குறைந்தது ஆயிரம் பயனர்களையும் கொண்டிருக்கும் என்று அந்நிறுவனமே விளக்கியிருக்கிறது. நகரத்துக்கு வெளியே அந்தப் பகுதி பெரிதாகிவிடும். பரப்பைக் கணக்கிடுவதைவிட ஆட்களைக் கணக்கிடுவதுதான் முறை என்பதை இதன்மூலம் அது ஒப்புக்கொள்கிறது. மற்ற செயலிகளுக்குப் போகும் தோராயத்திலும் ஆள் கணக்கே அடிப்படையாக வேண்டும். கிராமத்துக்காரரின் அந்தரங்கம் நகரத்துக்காரருடையதில் எண்பதில் ஒரு பங்கு என்று யாரும் சட்டம் எழுதவில்லை. அமைப்புப் பட்டியலில் அப்படி அமைந்துவிட்டது.

‘எங்கள் ஊரில் யார் எங்கே போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், இதில் மறைக்க என்ன இருக்கிறது?’ என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. டீக்கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு நீங்கள் காலை ஆறரை பஸ்ஸில் பெங்களூரு போனது தெரியும். உங்களுக்கும் அவரைத் தெரியும். போன செவ்வாய்க்கிழமைக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்பது அவருக்கு மறந்து போயிருக்கும். ஏட்டுக்கு மறதி இல்லை. அதைப் படிப்பவர் யார் என்பதும் உங்களுக்குத் தெரியாது.

அந்த ஏட்டில் பெயர் இல்லையென்றால் என்ன? 2013இல் டி மோன்ஜுவா என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 15 லட்சம் பேரின் 15 மாதக் கைபேசித் தடத்தை, பெயரை நீக்கிவிட்டு அலசினார்கள். எந்த மணி நேரத்தில் எந்தக் கோபுரத்தின் கீழ் என்ற அளவுக்கே விவரம். அதில் ஏதேனும் நான்கு புள்ளிகள் தெரிந்தால் போதும், 95 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்துவிட முடிந்தது. தருமபுரிக்கு வைத்து யோசியுங்கள்: இரவில் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம், திங்கள் விடியற்காலையில் ஓசூர், வாரம் முழுக்க பெங்களூருவில் ஒரு கட்டட வேலைத்தளம், சனி இரவு திரும்பவும் கிராமம். இந்த நான்கும் பொருந்தும் ஆட்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? இரவில் கைபேசி தூங்கும் இடம் வீடு, பகலில் நிற்கும் இடம் வேலை. பெயரை அழித்த ஏட்டில் பெயரைத் திரும்ப எழுத இவ்வளவு போதும்.

2017 நவம்பரில் ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி, ஓடுபவர்களின் தடங்களை உலக வரைபடத்தில் ஒளிரவிட்டபோது நடந்ததும் இதுதான். பெயர் எதுவும் இல்லை. ஆனால் பாலைவனத்தின் நடுவே யாரும் இல்லாத இடத்தில் ஒளிர்ந்த வட்டங்கள், ராணுவ முகாம்களைக் காட்டிக்கொடுத்தன. நியூயார்க்கில் ஓடியவர்கள் கூட்டத்தில் மறைந்துவிட்டார்கள். ஆள் இல்லாத இடத்தில் ஓடியவர்கள்தான் மாட்டினார்கள்.

கடன் செயலிகள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் செய்த அட்டகாசத்தைத் தனியாக எழுத வேண்டும். இங்கே சட்டத்தை மட்டும் சொல்கிறேன். 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த டிஜிட்டல் கடன் நெறிமுறையின்படி, இடத் தகவலைக் கடன் செயலி ஒரே ஒருமுறை, வாடிக்கையாளரைச் சேர்த்துக்கொள்ளும்போது மட்டும், அவருடைய வெளிப்படையான சம்மதத்தோடு எடுக்கலாம். தொடர்புப் பட்டியலையும் அழைப்புப் பதிவையும் தொடவே கூடாது. 2023 மே மாத இறுதியிலிருந்து கூகுள் பிளேயும் தனிநபர் கடன் செயலிகள் துல்லியமான இடத்தைக் கேட்கக் கூடாது என்று தடுத்தது. எனவே பணம் கொடுத்த பிறகும் ‘எப்போதும் அனுமதி’ வேண்டும் என்று ஒரு கடன் செயலி அடம் பிடித்தால், அது விதிக்கு வெளியே நிற்கிறது என்று அர்த்தம். கடனை அடைத்தவுடன் அதை நீக்கிவிடுவது உத்தமம்.

நீதிமன்றங்கள் இந்த விஷயத்தில் நம்மைக் கைவிடவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தார்கள். அந்தத் தீர்ப்பு கைபேசி வரைபடம் வரை வந்து சேர ஏழு ஆண்டுகள் ஆயின. போதைப்பொருள் வழக்கொன்றில் ஜாமீன் பெற்ற ஒருவர், கூகுள் மேப்பில் தன் இடத்தைப் ‘பின்’ செய்து விசாரணை அதிகாரிக்குத் தெரியும்படி வைக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்பட்டிருந்தது. 2024 ஜூலை 8 அன்று நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு அதை நீக்கியது: ஜாமீனில் இருப்பவரின் நடமாட்டத்தைப் போலீஸ் தொடர்ந்து கண்காணிக்க வழி செய்யும் நிபந்தனை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவுக்கு எதிரானது. இதில் ரசிக்கத்தக்க கிளைக்கதை ஒன்று உண்டு. அந்தப் ‘பின்’ உண்மையில் எப்படி வேலை செய்கிறது என்று நீதிமன்றம் கூகுளிடமே கேட்டது. பின் குத்துவதால் ஆளை நேரலையில் பின்தொடர முடியாது என்று பதில் வந்தது. அதாவது, அத்தனை நாளும் விதிக்கப்பட்டிருந்த அந்த நிபந்தனை, விதித்தவர்கள் நினைத்த வேலையைச் செய்யவே இல்லை.

எதிர்த் திசையிலும் காற்று அடிக்கிறது. கைபேசியின் ஏ-ஜிபிஎஸ் (செயற்கைக்கோளோடு வலையமைப்பின் உதவியையும் சேர்த்து இடம் அறியும் வசதி) எப்போதும் இயங்கும்படியும் பயனர் அதை அணைக்க முடியாதபடியும் செய்ய வேண்டும் என்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களின் யோசனையை மத்திய அரசு பரிசீலிப்பதாகவும், ஆப்பிள், கூகுள், சாம்சங் மூன்றும் அதை எதிர்ப்பதாகவும் 2025 டிசம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. கோபுரத்தின் கரடுமுரடான கணக்கு போதவில்லை, நான்காவது இலக்கம் வேண்டும் என்பதுதான் அந்த யோசனையின் சாரம்.

தொப்பூர் கணவாயில் வண்டி கவிழ்ந்து 108ஐ அழைப்பவருக்கு நான்காவது இலக்கம் உயிர். தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலிக்கும் அப்படியே. அவற்றுக்குத் துல்லியமான அனுமதியைத் தாராளமாகக் கொடுங்கள். தொலைந்த கைபேசியைத் தேடும் அரசின் சி.இ.ஐ.ஆர். தளம் ஜிபிஎஸ்ஸை நம்பியே இல்லை, கைபேசியின் ஐ.எம்.இ.ஐ. எண்ணை வைத்து வலையமைப்பில் தேடுகிறது. ஆகவே ‘லொகேஷனை அணைத்தால் போன் திரும்பக் கிடைக்காது’ என்ற பயத்தில் எல்லாவற்றையும் திறந்து வைக்க வேண்டியதில்லை.

அடைக்க வேண்டியவற்றில் முதலாவது, அமைப்புகளில் ‘லொகேஷன்’ பகுதிக்குள் இருக்கும் செயலிப் பட்டியல். ‘எப்போதும்’ என்ற தலைப்பின் கீழ் இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஏன் என்று கேளுங்கள். டார்ச் செயலிக்கும் ராசிபலன் செயலிக்கும் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பற்றி என்ன கவலை? அதே பகுதியில் வைஃபை, புளூடூத் ‘ஸ்கேனிங்’ என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். வைஃபையை அணைத்த பிறகும் சுற்றியுள்ள வைஃபை பெட்டிகளின் அடையாளங்களைக் கைபேசி முகர்ந்துகொண்டிருக்க அவை வழி செய்கின்றன. எந்தப் பெட்டி எந்தத் தெருவில் என்ற பட்டியல் நிறுவனங்களிடம் இருப்பதால், ஜிபிஎஸ் இல்லாமலே இடம் தெரிந்துவிடும். விளம்பர அடையாள எண்ணையும் ஆண்ட்ராய்டில் நீக்கிவிடலாம். நீக்கினால் வேறு வேறு செயலிகள் திரட்டும் தடங்களை ஒரே ஆளின் தடமாகக் கோப்பது கடினமாகும்.

கூகுள் கணக்கில் ‘டைம்லைன்’ ஒரு பொத்தான், ‘வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி’ வேறொரு பொத்தான். முதலாவதை அணைத்த பிறகும் இரண்டாவதன் வழியே இடம் சேமிக்கப்பட்டதை 2018 ஆகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ் அம்பலப்படுத்தியது. அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் கொடுத்து 2022 நவம்பரில் கூகுள் அதைத் தீர்த்துக்கொண்டது. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பது அந்த வழக்கு நமக்கு இலவசமாகத் தந்த தகவல். படங்களைப் பொறுத்தவரை, வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் உள்ளே ஒளிந்திருக்கும் இடக்குறிப்பு நீங்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் நீங்காது. மேப் கேமரா படத்திலோ எண்கள் படத்தின் மேலேயே அச்சாகியிருப்பதால் எப்படி அனுப்பினாலும் போகும். வேலைக்கு அந்தச் செயலி, வீட்டுப் படங்களுக்குச் சாதாரணக் கேமரா என்று பிரித்து வைப்பது ஒன்றே வழி.

இவ்வளவும் முகம் தெரியாத நிறுவனங்களைப் பற்றியது. இந்த மாவட்டத்தில் முகம் தெரிந்தவர்களின் கண்காணிப்புதான் அதிக ஆபத்து. 2012 நவம்பர் 7 அன்று, ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைத் தொடர்ந்து நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி தலித் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டதைத் தருமபுரி மறக்கவில்லை. அப்படி மணம் முடித்த இருவருக்கு, தாங்கள் தங்கியிருக்கும் தெரு யாருக்குத் தெரியும் என்பது தத்துவக் கேள்வி அல்ல. அவர்களைத் தேடுபவர்களுக்கு உளவு மென்பொருள் ஒன்றும் தேவைப்படாது. கைபேசி வாங்கிய நாளில் கடைக்காரரோ அண்ணனோ தன் கைப்பட ஜிமெயில் கணக்குப் போட்டுக் கொடுத்திருப்பார். கடவுச்சொல் அவரிடம்தான் இருக்கும். அந்தக் கணக்கில் நுழைந்து ‘ஃபைண்ட்’ சேவையைத் திறந்தால் கைபேசி எங்கே என்று வரைபடம் காட்டிவிடும். இடத்தைப் பகிரும் வசதியை மேப்பில் ஒருமுறை போட்டு மறந்திருந்தாலும் அதேதான்.

ஆகவே, கைபேசியில் எந்தக் கணக்கு இருக்கிறது, அந்தக் கணக்கு வேறு எந்தச் சாதனங்களில் திறந்திருக்கிறது, மேப்பில் இடம் யாருக்குப் பகிரப்படுகிறது என்ற மூன்றையும் பார்ப்பது மற்ற எல்லாப் பொத்தான்களுக்கும் முன்னால் வருகிறது. சாதாரண நாளில் கடவுச்சொல்லை மாற்றிப் பகிர்வை நிறுத்தினால் போதும். ஆபத்தான வீட்டை விட்டு வெளியேற நினைக்கும் பெண் அவசரப்பட்டு அணைக்கக் கூடாது. பகிர்வு திடீரென்று நின்றால், பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அதுவே தகவல். பழைய கைபேசியை அப்படியே விட்டுவிட்டு, வேறு சிம்மும் புதுக் கணக்கும் உள்ள வேறொரு கைபேசியோடு கிளம்புவது பாதுகாப்பு. தமிழ்நாட்டில் 181 என்ற மகளிர் உதவி எண் இரவு பகலாக இயங்குகிறது. கிளம்புவதற்கு முன், நம்பிக்கையான வேறொருவரின் கைபேசியிலிருந்து அதை அழைக்கலாம்.